விதியின் தலையில் விழுந்த பழி

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடம் நடத்துவது மனுஷ்யப் பிரயத்தனத்துக்கு அப்பாற்பட்ட காரியம். சனி, ஞாயிறு இரண்டும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு பிள்ளைகளைக் கைகாட்டி அழைத்துக்கொண்டிருக்கும். ஆகையால் அந்த நேரத்தில் பாடப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு ஏதேனும் ஒரு கதையைச் சொல்லுவது பல வருஷங்களாக என் வழக்கம். தலைமையாசிரியருக்கு இது தெரியும். தெரியாததுபோல் இருந்து வருகிறார்.

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையன்று ஷேக்ஸ்பியரின் ரோமியோ - ஜூலியட் கதையைச் சொன்னேன். கதை முடிந்ததும் வகுப்பில் சிறிது நேரம் மௌனம் நிலவியது. பிறகு பின் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஒரே ஒரு கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருப்பார்கள். அப்படித்தானே, ஸார்?"

"அப்படித்தான். அதைத்தான் விதி என்று சொல்லுகிறோம்" என்றேன். உபாத்தியாயர்களுக்கு இந்த மாதிரி கம்பீரமான பதில்கள் எப்போதும் கைவசம் இருக்கும்.

முன் வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அவள் எழுந்து, "அந்தக் கடிதத்தை எழுத வேண்டிய அவசியம் ஏன் ஸார் வந்தது?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில் மணி அடித்து என் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் கேள்வி என்னுடன் வீடு வரையில் வந்துவிட்டது. அன்றிரவு, கல்லூரி நாட்களில் வாங்கிய பழைய பிரதியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, முதலிலிருந்து கடைசி வரையில் மறுபடியும் படித்தேன். படித்து முடித்தபோது, நான் வகுப்பில் சொன்ன பதிலைப் பற்றி எனக்கே வெட்கமாக இருந்தது.

கதையை அறியாத நேயர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலி தேசத்து வெரோனா நகரத்தில் மாண்டேகு, காபுலெட் என்று இரண்டு பெரிய குடும்பங்கள். இரண்டுக்கும் பரம்பரை விரோதம். மாண்டேகு வீட்டுப் பையன் ரோமியோ, காபுலெட் வீட்டு விருந்துக்கு முகமூடி அணிந்து போகிறான். அந்த வீட்டுப் பெண் ஜூலியட்டைக் காண்கிறான். இருவரும் காதல் கொள்கிறார்கள். லாரன்ஸ் என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி மறுநாளே அவர்களுக்கு ரகசியமாக மணம் செய்து வைக்கிறார். அன்று பிற்பகலில் ஜூலியட்டின் தாய்வழி உறவினனான டிபால்ட், ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவைக் கொல்ல, ரோமியோ டிபால்ட்டைக் கொன்றுவிடுகிறான். நகரத்து அதிபதி அவனை நாடு கடத்துகிறார். நடந்த மணத்தை அறியாத தகப்பனார், ஜூலியட்டைப் பாரிஸ் என்ற பிரபுவுக்குக் கொடுக்க நாள் குறிக்கிறார். துறவி அவளுக்கு ஒரு மருந்து கொடுக்கிறார். அதைக் குடித்தால் 42 மணி நேரம் பிணம்போல் கிடந்து பிறகு விழித்துக்கொள்ளலாம். இந்த யுக்தியை விளக்கி ரோமியோவுக்கு அவர் எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. அவள் இறந்துவிட்டாள் என்ற பொய்ச் செய்திதான் போய்ச் சேர்ந்தது. ரோமியோ நஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, கல்லறையில் அவள் பக்கத்தில் குடித்து மாள்கிறான். விழித்தெழுந்த ஜூலியட் அவனுடைய குத்துவாளால் தன்னைக் குத்திக்கொண்டு மாள்கிறாள்.

இந்தக் கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனை அன்று. 1530ஆம் ஆண்டையொட்டி லூயிஜி தா போர்த்தோ என்ற இத்தாலிய எழுத்தாளர் இதை வெரோனாவில் நடந்ததாக எழுதினார். 1554இல் பாந்தெல்லோ அதையே விரித்து எழுதினார். 1562இல் ஆர்தர் புரூக் என்ற ஆங்கிலேயர் மூவாயிரம் அடிகளுக்குமேல் கவிதையாகப் பாடினார். அந்தக் கவிதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஷேக்ஸ்பியர் நாடகத்தை இயற்றினார். அது அரைகுறைப் பதிப்பாக 1597இலும், சரியான பதிப்பாக 1599இலும் அச்சாகியது.

மூலக் கதையில் ஷேக்ஸ்பியர் செய்த மாறுதல்கள்தாம் நமக்கு முக்கியம். புரூக்கின் கவிதையில் ஜூலியட்டுக்கு வயது 16. ஷேக்ஸ்பியர் அவளைப் பதினான்கு நிறையாத சிறுமியாக ஆக்கிவிட்டார். புரூக்கின் கதை பல மாதங்கள் நடக்கிறது. மணம் முடித்த இருவரும் நெடுநாள் ரகசியமாகக் கூடி வாழ்கிறார்கள். ஷேக்ஸ்பியரோ எல்லாவற்றையும் ஜூலை மாதத்துக் கொடும் வெயிலில் ஐந்து நாட்களுக்குள் அடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருச் சண்டை, இரவில் விருந்து. திங்கட்கிழமை மணம், கொலை, நாடு கடத்தல், முதலிரவு. செவ்வாய்க்கிழமை விடியலில் பிரிவு. அவர்கள் கணவனும் மனைவியுமாகக் கழித்தது ஒரே ஓர் இரவு.

இன்னொன்றும் உண்டு. புரூக் தம் கவிதைக்கு ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார். பெற்றோர் சொல்லைக் கேளாமல் காமத்துக்கு வசப்பட்டுத் தீயோர் துர்ப்போதனைக்குச் செவி சாய்த்தவர்கள் அடையும் கதி இதுதான் என்பது அதன் சாரம். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்துக்கொண்டார். இந்தப் பிரசங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் தலையிலிருந்த பழியை இறக்கி வைத்தார். வேறு யார் தலையில் ஏற்றினார் என்பதல்லவா கேள்வி?

மேற்பார்வைக்கு, நட்சத்திரங்களின் தலையில் ஏற்றியதாகவே தோன்றும். திரை விலகியதும் ஒருவர் வந்து நின்று, பதினான்கு அடிகளில் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்: இந்தக் காதலர்கள் தீய கிரகங்களின் கீழ்ப் பிறந்தவர்கள், இறக்கப்போகிறார்கள் என்று. ஜாதகத்தை முதலிலேயே வாசித்துவிட்டுத்தான் நாடகம் தொடங்குகிறது. அதற்குமேல் ரோமியோ ஓயாமல் விதியைப் பற்றியே பேசுகிறான். விருந்துக்குப் போகும் முன்பே ஏதோ கெடுதல் வரப்போகிறதென்று மனம் கலங்குகிறான். டிபால்ட்டைக் கொன்றதும், தான் விதியின் கைப்பாவை ஆகிவிட்டதாக நொந்துகொள்கிறான். அப்போது அவன் கையில் வாள் இருக்கிறது; இரத்தம் இன்னும் உலரவில்லை!

இந்த விரோதம் எதனால் வந்தது? நாடகம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இதற்கு விடை கிடையாது. நிலத் தகராறா, கொலைப் பழியா, கொடுக்கல் வாங்கலா? ஒன்றுமே சொல்லப்படவில்லை. பழைய பகை என்ற ஒரு வார்த்தையோடு கவி நிறுத்திக்கொண்டார். மறந்துபோய் விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. காரணம் இருந்தால் அதைத் தீர்த்து வைக்கலாம், மத்தியஸ்தர் வைக்கலாம், நஷ்டஈடு கொடுக்கலாம். காரணமே மறந்துபோன பகையை என்ன செய்வது? பிதிரார்ஜிதச் சொத்தைப்போல் அதைப் பேணி வளர்க்க வேண்டியதுதான்.

எப்படிப் பேணுகிறார்கள் என்பதை முதல் காட்சியிலேயே பார்க்கலாம். சண்டையைத் தொடங்குகிறவர்கள் எஜமானர்கள் அல்ல, வேலைக்காரர்கள். காபுலெட் வீட்டுச் சேவகன் ஒருவன் எதிரி வீட்டுச் சேவகர்களைப் பார்த்துக் கட்டை விரலைக் கடித்துக் காட்டுகிறான். அந்த ஊரில் அது பெரிய அவமதிப்பு. "எங்களைப் பார்த்தா கடித்தாய்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். உடனே இவன், ஆம் என்று சொன்னால் சட்டம் நம் பக்கம் இருக்குமா என்று கூட்டாளியின் காதில் கேட்கிறான்! இராது என்று தெரிந்ததும், விரலைக் கடித்தது உண்மை, உங்களைப் பார்த்து அல்ல என்று மழுப்புகிறான். இவ்வளவு அற்பமான இடத்தில் பற்றிய நெருப்பு இரண்டு நிமிஷத்தில் நகரத்துப் பிரஜைகளையெல்லாம் தடியும் ஈட்டியுமாகத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கிழவர் காபுலெட் வாளைக் கொண்டுவா என்று கூச்சலிடுகிறார். இந்த வயதில் உமக்கு வேண்டியது வாள் அல்ல, ஊன்றுகோல் என்கிற பாவனையில் அவர் மனைவி பரிகசிக்கிறாள்.

பெரியவர்களின் பகை ஓய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு நாடகத்திலேயே சாட்சியம் இருக்கிறது. விருந்தில் ரோமியோவை அடையாளம் கண்டுகொண்ட டிபால்ட் கொதித்து எழுகிறான். அவனை அடக்குகிறவர் யார்? காபுலெட்தான். அந்தப் பையன் நல்லவன், ஊரார் அவனைப் புகழ்கிறார்கள், என் வீட்டில் அவனுக்கு ஒரு குறையும் நேரக் கூடாது என்று அதட்டி உட்கார வைக்கிறார். அந்த ஒரு நிமிஷத்தில், அதே கூடத்தில், அவருடைய மகளும் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் சொல்லக்கூடிய நல்ல வார்த்தையை அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் அதை அவள் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டவன் டிபால்ட் ஒருவனே. அவனோ அதை அவமானமாக மனத்தில் முடிந்துகொண்டு போனான்.

இந்த விருந்துக்கு ரோமியோ வந்த வரலாறும் வேடிக்கையானது. விருந்தினர் ஜாபிதாவைக் காபுலெட் ஒரு வேலைக்காரனிடம் கொடுத்தனுப்புகிறார். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் எதிர்ப்பட்ட ரோமியோவையே படித்துச் சொல்லும்படி கேட்கிறான். ஜாபிதாவில் ரோஸலின் என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. அப்போது ரோமியோ உருகிக்கொண்டிருந்தது அவளுக்காகத்தான். அவளைப் பார்க்கத்தான் போகிறான். எழுத்தறிவின்மையால் விளையும் தீமைகளைப் பற்றி எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். இந்த உதாரணத்தை மட்டும் யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். கடிதம் எழுத வேண்டி வந்தது, ரோமியோ ஊரில் இல்லாததால். அவன் ஊரில் இல்லாதது, டிபால்ட்டைக் கொன்றதால். கொன்றது எதனால்? நாடகத்தின் மர்ம ஸ்தானம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

திங்கட்கிழமை நடுப்பகல் கடந்த நேரம். வெயிலில் எல்லோருக்கும் மண்டை கொதிக்கிறது. ரோமியோ திருமணம் முடித்துவிட்டு நேராக வருகிறான். டிபால்ட் அவனைச் சண்டைக்கு இழுக்கிறான். இவன் மறுக்கிறான், மனைவியின் உறவினன் அல்லவா? உன் பெயர் எனக்கு என் சொந்தப் பெயரைப்போல் அருமையானது என்று கூடச் சொல்லுகிறான். காரணம் சொல்ல முடியவில்லை, ரகசியம். பக்கத்தில் நின்ற மெர்குஷியோவுக்கு இது கோழைத்தனமாகப் படுகிறது. இந்த மெர்குஷியோ மாண்டேகும் அல்ல, காபுலெட்டும் அல்ல, நகரத்து அதிபதியின் உறவினன், வாயாடி, கெட்டிக்காரன். நண்பனுடைய மானத்தைத் தான் காப்பாற்றுவதாக எண்ணி வாளை உருவுகிறான். ரோமியோ பதறிப்போய் இருவருக்கும் நடுவே பாய்ந்து தடுக்கிறான். அவன் கையை உயர்த்தித் தடுத்த அந்த இடைவெளி வழியாக டிபால்ட்டின் வாள் புகுந்து மெர்குஷியோவின் உயிரைக் குடித்துவிடுகிறது.

சமாதானம் செய்யப் போனவனுடைய கையின் கீழே புகுந்துதான் சாவு வந்தது. காதல் அவனை ஒரு மணி நேரத்துக்கு நல்லவனாக்கியது. அந்த நல்லதனமே நண்பனைக் கொன்றது. மெர்குஷியோ சாகும்போது இரண்டு குடும்பங்களையும் சேர்த்துச் சபித்துவிட்டுச் சாகிறான். பிறகு ரோமியோ, காதல் தன்னைப் பெண்மைப்படுத்திவிட்டதென்று வெட்கி, ஊரார் எதிர்பார்த்தபடி நடந்துகொள்கிறான். டிபால்ட் விழுகிறான். நடு வீதியில், பட்டப் பகலில், யாவரும் பார்த்திருக்க நடந்த இந்தக் கொலையில் எந்தக் கிரகத்தின் கை இருந்தது?

டிபால்ட்டின் சாவுக்குப் பிறகு காட்சி தெருவை விட்டு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. ஆரம்பத்தில் காபுலெட் எவ்வளவு நயமான தகப்பனார்! பாரிஸ் பெண் கேட்டபோது, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், சிறு வயதில் தாயாகிறவர்கள் சீக்கிரம் வாடிவிடுகிறார்கள், எனக்கு மிஞ்சிய குழந்தை இவள் ஒருத்திதான், முதலில் அவள் மனத்தைக் கவர்ந்துகொள், அவள் சம்மதமே முக்கியம் என்று சொன்னவர் அவர். திங்கட்கிழமை இரவு, டிபால்ட்டின் துக்க வீட்டில், அதே மனிதர் மகளைக் கேளாமலே வியாழக்கிழமைக்கு முகூர்த்தம் வைத்துவிடுகிறார். அவள் மாட்டேன் என்றதும் வருகிற வசவு இருக்கிறதே! கோவிலுக்கு நடந்து வராவிட்டால் இழுத்துக்கொண்டு போவேன். என் மகளாயிருந்தால் நான் சொன்னவனுக்குக் கழுத்தை நீட்டு. இல்லையேல் தெருவில் பிச்சையெடுத்துப் பட்டினி கிடந்து சாவு. அடிக்கக் கை துறுதுறுக்கிறது என்று மூச்சு விடாமல் பொரிகிறார். முழங்காலிட்டுக் கெஞ்சும் பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கட்டத்தை வகுப்பில் சொல்லும்போது நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மற்றக் கட்டங்களில் கிசுகிசுக்கும் பிள்ளைகள் இங்கே ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. சில தலைகள் குனிந்துகொள்ளும். வெரோனாவைப் பற்றி ஒன்றுமே அறியாத அந்தக் குழந்தைகளுக்குக் காபுலெட்டின் குரலை மட்டும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தகப்பனார் போனபின் தாயைப் பார்க்கிறாள் ஜூலியட். என்னோடு பேசாதே என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். மிஞ்சியவள், பால் கொடுத்து வளர்த்த செவிலி. மணத்துக்குத் தூது போனவள் அவள்; நூலேணி கொண்டு வந்தவளும் அவள். நம்முடைய அகப்பாட்டு மரபில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. மறைவில் வளர்ந்த காதலைத் தோழி செவிலிக்கு உணர்த்துவாள், செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள், அங்கிருந்து தந்தைக்கும் தமையன்மார்க்கும் போகும், களவு கற்பாகும். பெண்ணுடைய மனம் பெரியவர்கள் காதுக்குப் போய்ச் சேர ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்கள் நம் புலவர்கள். வெரோனாவில் அந்த வாய்க்கால் செவிலியிடத்திலேயே அடைபட்டுப் போயிற்று. ரோமியோ போனது போனதுதான், பாரிஸ் நல்ல மாப்பிள்ளை, அவனையே கட்டிக்கொள் என்று அவள் யோசனை சொல்லுகிறாள். அந்த நிமிஷத்தில் பதின்மூன்று வயதுப் பெண் உலகத்தில் தனியளாகிறாள். அவளுக்கு எதிரே மிஞ்சி நின்றது மருந்துக் குப்பி ஒன்றுதான்.

இங்கே ஒரு சிறு விவரம். துறவியின் யோசனைப்படி ஜூலியட் வீடு திரும்பி, தகப்பனார் காலில் விழுந்து, உங்கள் இஷ்டம்போல் செய்கிறேன் என்கிறாள். கிழவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வியாழக்கிழமை என்ன, நாளைக்கே வைத்துக்கொள்வோம் என்று கல்யாணத்தை ஒரு நாள் முன்னே தள்ளிவிடுகிறார். மான்டுவாவிலிருந்த ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் இப்படிக் கரைந்தது, ஒரு தகப்பனாருடைய சந்தோஷத்தினால்!

கடைசியில் அந்தக் கடிதம். அதைக் கொண்டுபோன ஜான் என்ற துறவி, வழித்துணைக்கு மற்றொரு துறவியைத் தேடி, நோயாளிகள் இருந்த ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே பிளேக் இருப்பதாகச் சந்தேகித்த சுகாதாரக் காவலர்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்து முத்திரையிட்டுவிடுகிறார்கள். பழைய வியாக்கியானக்காரர்கள் சிலர் இது வலிந்து புகுத்திய தற்செயல் என்று குறை சொன்னதுண்டு. 1592 முதல் 1594 வரையில் பிளேக்கின் காரணமாக லண்டன் நாடகசாலைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அடைக்கப்பட்ட கதவு எப்படியிருக்குமென்று அந்தச் சபையோருக்குத் தெரியும். 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு நமக்கும் தெரியும். நான் முன்பெல்லாம் இந்தக் காட்சியை வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். இப்போது அப்படிப் போக முடிவதில்லை.

ஆகவே, என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிளேக் எந்தக் குடும்பத்தின் துவேஷத்தாலும் வந்ததல்ல. அதை விதி என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஓட்டையையும் உற்றுப் பார்த்தேன். ரோமியோ நாடு கடத்தப்பட்ட அன்று, உன்னுடைய வேலைக்காரன் மூலமாகவே அவ்வப்போது செய்தி சொல்லியனுப்புகிறேன் என்றுதான் துறவி லாரன்ஸ் வாக்களித்திருந்தார். அந்த வேலைக்காரன் பால்தஸார், நம்பிக்கையானவன். ஆனால் உயிர் போகிற செய்தி வந்தபோது அவர் அவனைக் கூப்பிடவில்லை. தம் சபைத் துறவியை அனுப்பினார். விஷயம் ஒன்றும் அறியாத பால்தஸார், ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைக் கண்ணால் கண்டு, குதிரையேறிப் பறந்து போய் எஜமானிடம் சொல்லிவிட்டான். துறவியிடமிருந்து கடிதம் ஏதும் இல்லையா என்று ரோமியோ அவனையே கேட்கிறான். இல்லை. இரகசியத்தை அறிந்தவர்களின் எண்ணிக்கையை அவ்வளவு சுருக்கி வைத்திருந்தார்கள். பகையுள்ள ஊரில் நல்ல காரியத்தையும் திருட்டுத்தனமாகவே செய்ய வேண்டியிருக்கிறது. திருட்டுத்தனமாகச் செய்கிற காரியத்துக்கு இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை.

துறவியைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. இந்த விவாகத்தினால் இரண்டு குடும்பங்களின் பகை அன்பாக மாறும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் பெரியவர்களிடம் நேரே பேசத் துணியாமல் இரண்டு குழந்தைகளை ஔஷதமாக உபயோகித்தார். கடைசியில் கல்லறைக்குள் ஜூலியட் விழித்தபோது, காவலர் வரும் சப்தம் கேட்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப் போனார்.

ரோமியோவும் குற்றமற்றவன் அல்லன். எதிலும் அவசரம். கேட்டவுடன் நம்புகிறான்; நம்பியவுடன் நஞ்சு வாங்கப் போகிறான். மான்டுவாவில் நஞ்சு விற்றால் மரண தண்டனை. பட்டினியால் எலும்பும் தோலுமாயிருந்த ஒரு மருந்துக் கடைக்காரனிடம் 40 பொற்காசுகளை நீட்டுகிறான். வறுமைதான் சம்மதிக்கிறது, மனம் சம்மதிக்கவில்லை என்று சொல்லி அவன் கொடுக்கிறான். கல்லறை வாயிலில் எதிர்த்த பாரிஸையும் கொன்றுவிட்டு உள்ளே நுழைகிறான். அங்கே ஜூலியட்டின் உதடுகளிலும் கன்னங்களிலும் செம்மை இன்னும் மாறாமலிருப்பதைப் பார்க்கிறான். பார்த்து வியக்கவும் செய்கிறான். ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை. உயிர் திரும்பிக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும், "கொஞ்சம் பொறு!" என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது.

இப்படிக் கத்தத் தோன்றியவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. ஷேக்ஸ்பியர் காலஞ்சென்ற அரை நூற்றாண்டுக்குள் லண்டனில் ஜேம்ஸ் ஹவர்ட் என்பவர் காதலர் இருவரும் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றினார். ஒரு நாள் சோக முடிவு, மறுநாள் சுப முடிவு என்று மாற்றி மாற்றி நடித்தார்களாம்! 1748இல் பிரபல நடிகர் காரிக், ரோமியோ இறப்பதற்குள் ஜூலியட் விழித்துக்கொண்டு இருவரும் சிறிது நேரம் பேசும்படி அமைத்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் சபையோர் அதையே பார்த்து அழுதார்கள். ருஷ்ய சங்கீத மேதை புரோகோஃபியெவ் 1935இல் தம் நாட்டிய நாடகத்துக்கு முதலில் மங்கள முடிவே வைத்தார். செத்தவர்கள் நாட்டியமாட முடியாது என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று. பிறகு பழைய முடிவுக்கே திரும்பும்படி ஆயிற்று.

தமிழ்த் திரையுலகுக்கும் இந்த நாடகத்தோடு ஓர் உறவு உண்டு. 1936இல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் குகோர் இக்கதையைப் படமாக்கினார். மறு வருஷம், எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்ட் செய்து, தியாகராஜ பாகவதரும் சந்தானலட்சுமியும் நடித்து வெளிவந்த 'அம்பிகாபதி'யின் காதல் காட்சிகளுக்கு அந்தப் படமே முன்மாதிரி. அந்தக் கதையையும் எண்ணிப் பாருங்கள். சிற்றின்ப வாடையில்லாமல் நூறு பாட்டுப் பாடினால் பெண்ணைத் தருகிறேன் என்கிறான் சோழன். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு ஆகிவிட்டதென்று மகிழ்ந்து எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்டதும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. தலை போகிறது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததை விதி என்கிறோம். நூறு என்று எண் போட்டவன் யார், கொலைக்களத்தைப் பந்தயப் பொருளாக வைத்தவன் யார் என்பதை அதிகம் பேசுவதில்லை.

வெரோனாவில் விடிந்தபோது ஆறு பேர் போய்விட்டார்கள்: மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், மகன் பிரிந்த துயரத்தால் அன்றிரவே இறந்த ரோமியோவின் தாய். ஆறு பேரில் நான்கு பேர் வாலிபர்கள், ஒருத்தி சிறுமி. காபுலெட் கையை நீட்டுகிறார். மாண்டேகு அதற்கும் மேலே போய், உன் மகளுக்குச் சுத்தத் தங்கத்தில் சிலை வைக்கிறேன் என்கிறார். உடனே காபுலெட், அதற்குச் சமமாக ரோமியோவுக்கு நான் வைப்பேன் என்கிறார். சமாதானத்திலும் ஒரு போட்டி! மகள் உயிரோடு இருந்தபோது இருவரும் அவளுக்குக் கொடுத்திருக்கக்கூடியதற்குத் தங்கம் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். என் பதிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். முன் வரிசைப் பெண் ஒன்றும் பேசவில்லை. பின் பெஞ்சிப் பையன், "அந்தச் சிலை இப்போதும் இருக்கிறதா, ஸார்?" என்று கேட்டான்.

தங்கச் சிலை கிடையாது; வெண்கலச் சிலை ஒன்று உண்டு என்று சொன்னேன். வெரோனாவில் ஜூலியட்டின் வீடு என்று ஒரு பழைய வீட்டைக் காட்டுகிறார்கள். அதிலுள்ள மேன்மாடம் இருபதாம் நூற்றாண்டில் வைத்துக் கட்டியது. ஷேக்ஸ்பியருடைய நாடகத்தில் மேன்மாடம் என்ற பேச்சே கிடையாது, ஜன்னல்தான். முற்றத்தில் நின்ற ஜூலியட்டின் சிலை, அதிர்ஷ்டம் வருமென்று யாத்ரிகர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்து போனதால், 2014இல் அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வேறொன்றை நிறுத்தினார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஜூலியட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்குள்ள ஒரு மன்றத்தைச் சேர்ந்த தொண்டர்கள் உட்கார்ந்து அவற்றைப் படித்துப் பதில் எழுதுகிறார்கள்.

"விலாசம் என்ன, ஸார்?" என்றான் பையன். வகுப்பு சிரித்தது.

'ஜூலியட், வெரோனா, இத்தாலி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முன் வரிசையில் அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்து, நோட்டுப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டிருந்தாள்.